மனநோய், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவை ஒட்டி நடக்கும் சட்ட உதவி மையத்தில் நான் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். வக்கீல் இல்லை. மனு எழுத உதவுவது, வக்கீலிடம் கொண்டு சேர்ப்பது, வாய்தா தேதியை நினைவுபடுத்துவது, இவைதான் என் வேலை. மையத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லியிருப்பவை இந்தியச் சட்டப்படி. அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டில் வழங்குபவை.

இலவச சட்ட உதவி என்றால் என்னென்ன கிடைக்கும்? எங்கே போய்க் கேட்பது?

வழக்கு நடத்த வக்கீல், மனு தயாரிப்பு, நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல் எடுக்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். வழக்கே இல்லாமல் ஆலோசனை மட்டும் வேண்டும் என்றாலும் கேட்கலாம். 1976-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு இதை அரசின் பொறுப்பாக்கியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது.

தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அண்ணன் சம்பாதிக்கிறார். அப்படியும் இலவச வக்கீல் தருவார்களா?

தருவார்கள். வருமான வரம்பு எல்லோருக்கும் பொருந்தாது. சட்டத்தின் 12-வது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், மனநல மருத்துவமனையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்கக் கூடாது. மனநோயும் மாற்றுத்திறன் கணக்கில் வரும். அண்ணனின் சம்பளத்தைக் காட்டி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், 12-வது பிரிவைச் சொல்லி எழுத்துமூலம் பதில் கேளுங்கள்.

இதற்கு மேல், மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 27-வது பிரிவும் இருக்கிறது. அந்தச் சட்டம் தரும் உரிமை எதுவானாலும், அதைப் பெறுவதற்கான சட்ட உதவி மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் இலவசம். அதோடு நிற்கவில்லை. மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரி, சிறை அதிகாரி, மருத்துவமனைப் பொறுப்பாளர் ஆகியோர் இந்த உரிமை இருப்பதைத் தாங்களாகவே சொல்ல வேண்டும், எங்கே தொடர்புகொள்வது என்ற விவரமும் தர வேண்டும் என்கிறது அதே பிரிவு. வார்டில் அப்படி யாராவது சொன்னார்களா என்று வருகிறவர்களிடம் நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஆதார் அட்டை, மருத்துவமனைச் சீட்டு, வழக்கு இருந்தால் அதன் எண் எழுதிய ஏதாவது ஒரு தாள். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் சிகிச்சைச் சீட்டை வைத்துக் கேளுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் போங்கள், காகிதங்களை அப்புறம் திரட்டிக்கொள்ளலாம். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு (2017 சட்டம், பிரிவு 25).

வீட்டுக்காரருக்குக் குடிதான் பிரச்சினை. அதையெல்லாம் மனநோய் என்று எடுத்துக்கொள்வார்களா?

மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளும் மனநோய்தான் என்று 2017 சட்டம் அதன் வரையறையிலேயே சொல்கிறது. எப்போதாவது குடிப்பவர் இதில் வரமாட்டார். குடியை விட முடியாமல் உடம்பும் மனதும் பாதிக்கப்பட்டு, மருத்துவர் அப்படிக் கண்டறிந்தால் வருவார். அப்போது, இனி இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் சேர்க்கை விதிகள், மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடும் உரிமை எல்லாம் அவருக்கும் பொருந்தும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். சொத்துத் தகராறு, கடன் வழக்கு மாதிரி மனநலச் சட்டத்துக்கு வெளியே உள்ள விஷயங்களுக்கு உதவி வேண்டுமென்றால், மேலே சொன்ன 12-வது பிரிவுப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் அவர் பொருந்த வேண்டும், அல்லது வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். போதைக்கு அடிமையானவர்களுக்கான சட்ட சேவைக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2015-ல் தனியாக ஒரு திட்டமும் கொண்டுவந்திருக்கிறது.

தனக்கு நோயே இல்லை என்கிறான் தம்பி. அவன் சார்பில் நானே மனு கொடுக்கலாமா?

உதவி கேட்டு முதல் அடி எடுத்து வைப்பதை நீங்கள் செய்யலாம். ஆனால் வக்கீல் வந்த பிறகு அவர் உங்கள் தம்பியைப் பார்த்துப் பேசியாக வேண்டும். தம்பி வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்பதைக் கேட்க வேண்டும். பல நேரம் அவர்கள் பயப்படுவது, வக்கீல் வந்தால் மறுபடி அட்மிட் செய்துவிடுவார்கள் என்றுதான். அது நடக்காது என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

2017 சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நன்றாக இருக்கும்போதே, எனக்கு முடியாதபோது இன்னார் எனக்காகப் பேசட்டும் என்று ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். அந்த ஆள் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தம்பி தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இதைப் பற்றி அவரிடம் பேசுங்கள். பின்னால் வரும் பல சண்டைகள் இந்த ஒரு தாளால் தீரும்.

வக்கீல் யார் சொல்வதைக் கேட்பார்? நாங்கள்தானே அவரைப் பிடித்தோம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வக்கீலைத் தேடிப் பிடித்தது குடும்பமாக இருக்கலாம், ஆனால் அவர் நோயாளியின் வக்கீல். என்ன வேண்டும், எது வேண்டாம் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் 2017 சட்டத்தின் ஆரம்பப் புள்ளி. அவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறனில்லை என்று சொல்லக் கூடாது என்று 4-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

நடப்பதோ வேறு. காலை மாத்திரை போட்டுவிட்டு வந்தவருக்கு நாக்கு தடித்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் ஆகும். வக்கீல் அதுவரை பொறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பக்கம் திரும்பிவிடுவார். மனைவி சொல்வது மனுவாகிவிடும். கடைசியில் கட்சிக்காரர் கையெழுத்து மட்டும் போடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அவசரம்தான் காரணம். ஆனால் விசாரணை நாளில் நீதிபதி நேராக அவரிடம் கேட்கும்போது, மனுவில் இருப்பதற்கு நேர்மாறாக அவர் பதில் சொல்லி வழக்கு தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் குடும்பத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது: வக்கீலோடு அவர் தனியாகப் பேச கொஞ்ச நேரம் விடுங்கள். நோய் எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை, யாரிடம் எவ்வளவு கடன் போன்ற விவரங்களை நீங்கள் தனியே எழுதிக் கொடுங்கள். அது வழக்குக்குப் பெரிய துணை. உங்கள் நலனும் அவர் நலனும் மோதுகிற இடத்தில், உதாரணமாகப் பாகப்பிரிவினையில், உங்களுக்கு வேறு வக்கீல்தான் வேண்டும்.

மனநோய் உள்ளவர் வக்காலத்தில் போட்ட கையெழுத்து செல்லுமா? எதிர்தரப்பு வக்கீல் செல்லாது என்கிறார்.

ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். தகுந்த நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் ஆவார் (2017 சட்டம், பிரிவு 3). வழக்கமாகச் சுவாதீனம் இல்லாமல் இருந்து இடையிடையே தெளிகிறவர்கூட, தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று 1872-ன் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. கையெழுத்து வாங்கும் நாளில் அவர் புரிந்துகொண்டுதான் போட்டார் என்பதை வக்கீல் தன் குறிப்பில் எழுதி வைப்பது நல்லது. போதையில் இருக்கும்போது மட்டும் எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

தன் நலனைத் தானே காத்துக்கொள்ள உண்மையிலேயே முடியாத நிலை என்றால், சிவில் வழக்கில் நீதிமன்றம் விசாரித்து அவருக்காக ஒரு காப்பாளரை அனுமதிக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 32-ல் அதற்கு வழி இருக்கிறது. எதிர்தரப்பு சொன்னதற்காக உடனே அங்கே ஓட வேண்டாம்.

என் விருப்பமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எப்படி வெளியே வருவது?

முதலில் எந்த வகையில் சேர்த்தார்கள் என்று பாருங்கள். நீங்களே கையெழுத்திட்டுச் சேர்ந்திருந்தால், கேட்டதும் அனுப்ப வேண்டும். மருத்துவருக்குக் கவலை இருந்தால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான் (2017 சட்டம், பிரிவு 88). நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்த்திருந்தால் அது 89-வது பிரிவு. அதற்கு மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருந்திருக்க வேண்டும். இந்தச் சேர்க்கை 30 நாளைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் 90-வது பிரிவின்படி வாரியத்தின் அனுமதி வேண்டும்.

வாரியம் என்றது மனநல மறுஆய்வு வாரியத்தை. மாவட்ட நீதிபதி அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி அளவில் ஒருவர் தலைமை வகிப்பார். மனநோயோடு வாழ்ந்தவர், பராமரிப்பவர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்து 2 பேர் உறுப்பினராக இருப்பார்கள். ஒரு சேர்க்கையை 7 நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள், மருத்துவமனை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களும் நேராக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. மிக நெருக்கடியான நேரத்தில் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னதைக்கூட வாரியம் ஏற்கலாம். 89-வது பிரிவுச் சேர்க்கையை எதிர்த்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

வாரியத்தின் முன் நீங்களே பேசலாம், வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, நான் நன்றாக இருக்கிறேன் என்று கட்டிலில் இருந்து எழுந்து வந்தவர் சொல்வது எடுபடுவது கடினம். வெளியே போனால் எங்கே தங்குவார், மாத்திரை எப்படி வாங்குவார், யார் பார்த்துக்கொள்வார் என்பதை வக்கீல் தாளில் எழுதி நீட்டும்போது பேச்சின் திசையே மாறுகிறது.

மறுவாழ்வு மையத்தில் மகனை அடிக்கிறார்கள், கட்டி வைக்கிறார்கள் என்று தெரிகிறது. பார்க்கவும் விடவில்லை. என்ன செய்வது?

எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவது 2017 சட்டத்தின் 95-வது பிரிவின்படி தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் இறந்தார்கள். அதை நினைத்தால் இந்தப் பிரிவை யாரும் வெறும் எழுத்தாகப் பார்க்க மாட்டார்கள். சேர்க்கும்போது நீங்கள் ஏதோ படிவத்தில் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தக் கையெழுத்து அடிப்பதற்கோ கட்டுவதற்கோ அனுமதி ஆகாது.

மனநோய் உள்ளவர்களை உள்நோயாளியாக வைத்திருக்கும் எந்த இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பலகையில் போதை மறுவாழ்வு மையம் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஏன் என்பதைக் குடிப் பழக்கம் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் வாரியத்துக்கும் ஒரே நாளில் புகார் கொடுங்கள். ஆணைக்குழு ஆள் அனுப்பிப் பார்க்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் போலீசையும் கூப்பிடுங்கள். அடைத்தே வைத்திருக்கிறார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதற்கும் இலவச வக்கீல் கிடைப்பார்.

தெருவில் திரிந்த அக்காவை போலீஸ் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். இது சரியா?

சரியில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீசின் கடமைதான். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது (2017 சட்டம், பிரிவு 100). குற்றம் எதுவும் செய்யாதவரை மனநோய்க்காகச் சிறையில் அடைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது.

தற்கொலைக்கு முயன்றால் கேஸ் வருமா? அதற்குப் பயந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயங்குகிறோம்.

தயங்காமல் கூட்டிப்போங்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வது மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.

கஞ்சாவோடு பிடிபட்டான். டீ-அடிக்‌ஷனுக்குச் சேர்ந்தால் கேஸ் போய்விடும் என்கிறார்களே?

பாதி உண்மை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-ன் 64அ பிரிவு அப்படி ஒரு விலக்கு தருகிறது. ஆனால் அவர் போதைக்கு அடிமையானவராக இருக்க வேண்டும். குற்றம் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ மட்டும் இருக்க வேண்டும். கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை. தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குச் சேர வேண்டும். சிகிச்சையை முடிக்காமல் பாதியில் ஓடிவந்தால் விலக்கு பறிபோகலாம். அங்கீகாரம் இல்லாத மையத்தின் ரசீதைக் கொண்டுவந்து கோர்ட்டில் நீட்டிப் பலனில்லை. சேர்வதற்கு முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே சட்டத்தின் 39-வது பிரிவில், குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், சிறைக்கு அனுப்பாமல் உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதைக் கேட்டு வாங்கும் வக்கீல்கள் குறைவு. ஜாமீன் மனு போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல், இந்த இரண்டு பிரிவுகளையும் பற்றி உங்கள் வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். விற்பனைக்கு வைத்திருந்த வழக்குக்கு 64அ உதவாது. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்று போய்விட்டால் ஜாமீனே மிகக் கடினம்.

குடித்துவிட்டு என்னையும் அவன் மனைவியையும் அடிக்கிறான். அவனுக்கும் சட்ட உதவி, எங்களுக்கும் சட்ட உதவியா?

ஆமாம், இரண்டு பேருக்கும் உண்டு. பெண் என்ற முறையில் தாய்க்கும் மனைவிக்கும் வருமானம் பார்க்காமல் உதவி கிடைக்கும். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன் கீழ் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமைக்கான உத்தரவும் கேட்கலாம். நோய் இருக்கிறது என்பதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய வக்கீலும் உங்கள் வக்கீலும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒருவரே இரண்டு பக்கமும் பார்ப்பதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜெயிலில் போட்டாலாவது திருந்துவான் என்று சொல்லி வரும் அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது, முதலில் உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்குவோம், கூடவே அவர் சிகிச்சைக்கு வழி பார்ப்போம் என்பதுதான். பழகிய குடியைச் சிறையில் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கைதான அன்றே இவர் தினமும் குடிப்பவர் என்று போலீசிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லிவிட வேண்டும்.

மனநோய் சான்றிதழ் காட்டினால் கொலை வழக்கிலிருந்தும் விடுதலையாமே?

அப்படி இல்லை. செயலைச் செய்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம், அது தவறா என்று அறிய முடியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று காட்ட வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு இது, பழைய தண்டனைச் சட்டத்தில் 84. மருத்துவர் மனநோய் என்பதும் இந்தப் பிரிவு கேட்பதும் ஒன்றல்ல. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர் மேல் விழும். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே விளக்கியது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் வாங்கிய மருந்துச் சீட்டுகள் இங்கேதான் உயிர் காக்கும். ஒரு சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். தானாகக் குடித்துவிட்டுச் செய்ததற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, தெரியாமலோ வற்புறுத்தியோ குடிக்க வைத்திருந்தால்தான் 23-வது பிரிவு உதவும்.

இதிலிருந்து வேறானது இன்னொன்று. இப்போது, விசாரணை நடக்கும் நேரத்தில், அவரால் வழக்கைப் புரிந்துகொண்டு தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அது. முடியாது என்று தெரிந்தால் நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி வழக்கைத் தள்ளி வைக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 367 முதல் வரும் பிரிவுகள் இதற்கானவை.

ஜெயிலில் இருக்கிறார். வக்கீலே இல்லாமல் வழக்கு நடக்கிறது. மாத்திரையும் கிடைப்பதில்லை.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் உண்டு என்று முன்பே சொன்னேன். அவர் கேட்கவில்லை என்பது சாக்காகாது. கேட்காவிட்டாலும் வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி, அப்படிக் கொடுக்காமல் நடந்த விசாரணையில் வந்த தண்டனையையே உச்ச நீதிமன்றம் 1986-ல், சுக் தாஸ் வழக்கில், ரத்து செய்தது. பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் மனநோயாளிக் கைதிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேறில்லை. மருந்துச் சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆணைக்குழுவுக்கும் மனு கொடுங்கள். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையம் வழியாகவும் வக்கீல் அவரைப் பார்க்கலாம்.

மனநோய் என்று சொல்லி என்னிடம் விவாகரத்து கேட்கிறார் கணவர். தோற்றுவிடுவேனா?

நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையானதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-ல், ஸ்கிட்சோஃப்ரினியா பற்றிய வழக்கிலேயே சொன்னது. என்றோ சிகிச்சை எடுத்ததை வைத்து இன்றும் நோய் என்று முடிவுகட்ட முடியாது. அவர் காட்டும் சான்றை நீங்கள் மறுத்தால், அதை ஆராய நீதிமன்றம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் (2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 105). ஜீவனாம்சமும் கேட்கலாம். இவ்வளவு இருந்தும், வக்கீல் இல்லாமல் முதல் வாய்தாவிலேயே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்த பெண்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நோட்டீஸ் வந்த அன்றே வாருங்கள்.

மனநோய் என்று தெரிந்ததும் வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள்.

அரசு வேலை என்றால், பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது (மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20). எந்த வேலையானாலும் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கொடுத்த வக்கீல் போனே எடுப்பதில்லை. பணமும் கேட்கிறார். மாற்றித் தருவார்களா?

இலவச சட்ட உதவி வக்கீல் கட்சிக்காரரிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கக் கண்காணிப்புக் குழுவும் இருக்க வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010 விதிமுறைகள் சொல்கின்றன. வக்கீலை மாற்றிக் கேட்கலாம். உங்களுக்குக் குரல்கள் கேட்கிறது என்பதற்காக உங்கள் புகாரை ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் சேவை நன்றாக நடக்க என்ன மாற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

சட்டத்தில் குறை குறைவு. அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆள் தேடி வரட்டும் என்று காத்திருப்பதில்தான் குறை. வார்டில் பூட்டியிருப்பவர் வர முடியாது, போதையில் இருப்பவர் 10 மணி டோக்கனுக்கு எழுந்திருக்க மாட்டார். வக்கீல் வாரம் ஒரு நாளாவது வார்டுக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் போக வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை ஒரே வக்கீல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் புது முகத்திடம் தன் கதையைத் திரும்பச் சொல்ல வைப்பது இவர்களுக்குப் பெரிய வதை. வாய்தாவுக்கு முந்தின நாள் போன் செய்து நினைவுபடுத்த வேண்டும், தேதியையும் அறை எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்திப்பைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, மாத்திரை மயக்கம் தெளிந்த பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை வராதவரின் பைலை உடனே மூடக் கூடாது. மறுபடி குடித்துவிட்டார் என்பதும் பைலை மூடக் காரணமில்லை, அது அந்த நோயின் போக்கு.

2024-ல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த புதிய திட்டம், மனநோயும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்காகப் பயிற்சி பெற்ற வக்கீல்களும் தன்னார்வலர்களும் கொண்ட தனிப் பிரிவுகளை அமைக்கச் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இயங்குகிறதா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் அதற்கு ஆள் போடுவார்கள். நோயிலிருந்து மீண்டவர்களையும் சட்டத் தன்னார்வலர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. வார்டில் அவர்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு எங்கள் யாருக்கும் கிடையாது.

மகனிடம் வக்கீல் தனியாகப் பேசியது எங்களுக்குத் தெரிய வேண்டாமா? போலீசுக்குப் போகுமா?

கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் யாரிடமும் சொல்லக் கூடாது, பெற்றோரிடமும்தான். இனி செய்யப்போகும் குற்றத்துக்குத் துணை கேட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. என்ன போதை, எவ்வளவு நாளாக என்று மகன் உண்மையைச் சொன்னால்தான் 64அ போன்ற வழிகளை வக்கீல் யோசிக்க முடியும். நீங்கள் வெளியே இருப்பதால்தான் அவர் சொல்கிறார்.

மனநோய் வாதத்தை எடுத்தால் ஜெயிக்கலாம் என்கிறார் வக்கீல். என் அண்ணனோ, என்னைப் பைத்தியம் என்று கோர்ட்டில் சொல்லாதே என்கிறான். யார் பேச்சு எடுபடும்?

எனக்குத் தெரிந்து மிகவும் கடினமான கேள்வி இதுதான். யாருடைய வக்கீல் என்ற பதிலில் சொன்ன நியாயம் இங்கேயும் பொருந்தும். அண்ணனுக்கு வழக்கு புரிகிறது, விளைவு புரிகிறது, அப்படியும் வேண்டாம் என்கிறார் என்றால் வக்கீல் அந்த வாதத்தை அவர் மேல் திணிக்கக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும், ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று சந்திப்பில். அந்த வாதத்தில் ஜெயித்தாலும் நேராக வீட்டுக்குப் போக முடியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கவோ உறவினர் பொறுப்பில் விடவோ உத்தரவிடலாம். சில நேரம் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கும். சின்ன வழக்கில் சில மாதத் தண்டனையோடு முடிய வேண்டியது, இந்த வாதத்தால் நீண்ட மருத்துவமனைக் காவலாக மாறலாம்.

வழக்கு என்றால் என்ன என்றே அவருக்குப் பிடிபடவில்லை, நீதிபதியே தன்னைக் கொல்ல வந்தவர் என்று நம்புகிறார் என்றால் கதை வேறு. அப்போது கொலை வழக்குப் பதிலின் இரண்டாம் பத்தியில் சொன்ன 367-வது பிரிவு மனுவை வக்கீல் போட்டாக வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு தெளிந்ததும், அதே கேள்வியை அண்ணனிடமே மறுபடி கேட்க வேண்டும்.